அரை இஞ்ச் வளர்ந்த கால்

"வளர்ந்திருக்கு" என்றார் மாஸ்டர்.

ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு கை வாக்கரைப் பிடித்திருந்தது, மற்றொரு கை பேண்ட்டின் இடுப்புப் பட்டியைப் பிடித்திருந்தது. கண்கள் மட்டும் இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தன.

"எது வளர்ந்திருக்கு?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இடது கால். அரை இஞ்ச்."

"அறுபத்தாறு வயசுல உங்களுக்கு எதுவும் வளராதுங்க. தலைமுடியே வளரல."

"நானா வளர்த்தேன்? டாக்டர் வளர்த்து விட்டுட்டாரு."

அவள் கரண்டியும் கையுமாக வந்து பார்த்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவரே தனக்குத் தைத்துக்கொண்ட சாம்பல் நிறப் பேண்ட் அது. வலது பக்கம் காலணியின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் மட்டும் சற்றே மேலே ஏறி, காலுறை எட்டிப் பார்த்தது.

"துவைச்சதுல சுருங்கியிருக்கும்" என்றாள்.

"ஒரு கால் மட்டும் சுருங்குமா? நாப்பது வருஷம் துணியோட குடும்பம் நடத்தினவன்கிட்ட சொல்ற பேச்சா இது?"

"குடும்பம் நடத்தினது துணியோடதான்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். பேண்ட் தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இடது பக்கத்து இடுப்பு மூட்டு பன்னிரண்டு வருஷமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கடைசியில், மேஜையிலிருந்து அயர்ன் பெட்டிக்குப் போகும் நான்கு அடியே நாலு மைல் ஆனபோதுதான் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்து ஐந்து வாரம் ஆகிறது. வலி போன இடம் தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் மனிதர் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்திருந்தார். "எனக்குன்னு அளவெடுத்துச் செய்வீங்களா?"

"இல்லைங்க, இது சைஸ் சைஸா வரும். உங்களுக்குப் பொருத்தமானதாப் பாத்து வெச்சுடுவோம்" என்றார் டாக்டர்.

அன்றைக்குப் போன நிம்மதிதான். வாழ்க்கையில் ஒரு ரெடிமேட் சட்டையை உடம்பில் ஏற்றாத மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கு உடம்புக்குள்ளேயே ஒரு ரெடிமேட். ரெடிமேட் என்றைக்கு ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறது?

கண்ணாடி முன்னால் நின்று பார்த்த அன்று சாயங்காலம் மனைவியின் கையில் இஞ்ச் டேப்பைக் கொடுத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். அவள் வலது காலை அளந்து முப்பத்தைந்து என்றாள். இடது காலை அளந்து முப்பத்தைந்தேகால் என்றாள். இன்னொரு தரம் அளந்தபோது இடது முப்பத்தைந்து, வலது முப்பத்தைந்தரை.

"எங்க ஆரம்பிச்சே?"

"இடுப்புல."

"இடுப்புல எங்க?"

"இடுப்புன்னா இடுப்புதான். உங்க உடம்புல தையல் போட்டா வெச்சிருக்கு, இங்க ஆரம்பி, இங்க முடின்னு?"

"இந்தக் கைக்கு ஒரு தலையணை உறைகூட அளக்க வராது."

"வராது. அதனாலதான் நான் டெய்லர் ஆகல, டெய்லரைக் கட்டிக்கிட்டேன்" என்று டேப்பைச் சுருட்டி அவர் வயிற்றின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

தானே குனிந்து அளக்கலாம் என்றால் அதற்குத் தடை இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண்தான் அந்தத் தடை. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பது அவளுடைய ஒரே கொள்கை. குனியாதீங்க, தொண்ணூறு. தாழ்ந்த நாற்காலி வேண்டாம், தொண்ணூறு. காலுறையை நீங்களே போடாதீங்க, தொண்ணூறு. இரண்டாவது வாரத்திலேயே மாஸ்டர் அவளுக்குத் தொண்ணூறு என்று பெயர் வைத்துவிட்டார். அவளுக்கும் அது தெரியும். வாசலில் நின்று, "ஐயா, தொண்ணூறு வந்திருக்கேன்" என்றே குரல் கொடுப்பாள்.

மறுநாள் அவள் வந்தபோது வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாக்கரின் காலில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பித்தானை அழுத்தி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். மாஸ்டர் வலது பக்கத்தை ஒரு துளை ஏற்றி வைத்திருந்தார்.

"எதுக்குய்யா இப்படி?"

"காலுக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேன்."

"நடங்க, பாப்போம்."

நடந்தார். நேராகச் சமையலறைக்குப் போக வேண்டியவர், வளைந்து வளைந்து போய் குளிர்சாதனப் பெட்டியின் மேல் மோதி நின்றார். மனைவி அதன் கதவைத் திறந்து, "வந்ததுதான் வந்தீங்க, அந்த மோர்ப் பாத்திரத்தை எடுங்க" என்றாள்.

தொண்ணூறு வாக்கரைச் சரி செய்துவிட்டு, தண்டனையாகப் பக்கவாட்டில் கால் தூக்கும் பயிற்சியில் பத்தைக் கூட்டினாள்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் மாட்டி டாக்டர் விரலால் கோடு காட்டினார். "பிரமாதமா சேர்ந்திருக்கு. வாக்கரை விட்டுட்டுக் கைத்தடிக்கு மாறலாம். வேற ஏதாவது தொந்தரவு?"

"இடது கால் அரை இஞ்ச் நீளமா இருக்கு. மீடியம் வெக்க வேண்டிய இடத்துல லார்ஜ் வெச்சுட்டீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

மனைவி கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. இந்தச் சந்தேகத்தை அவர் தினம் நாலு பேர் வாயால் கேட்கிறவர். "மூட்டு தேஞ்சு இத்தனை வருஷமா இடது கால் குட்டையா இருந்துச்சு, ரெண்டும் இப்பதாங்க சமமா இருக்கு. பழைய நடை உடம்புல ஊறிப் போயிருக்கு இல்லையா, அதனால நீளமாத் தோணும். மூணு மாசத்துல தானா அடங்கிடும். நடங்க, நிறைய நடங்க."

வெளியே வந்ததும் மாஸ்டர் சொன்னார்: "அளவு தப்பாப் போனா நானும் இதைத்தான் சொல்லுவேன். போடப் போடச் சரியாயிடும்னு."

அந்த வாரமே கடைக்குப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். அதை மனைவியால் தடுக்க முடியவில்லை. வீட்டில் இருந்த ஆறு வாரத்தில் மனிதர் ஜன்னல் திரைகளையெல்லாம் உயரம் குறைத்திருந்தார், நல்ல படுக்கை விரிப்பை வெட்டி எட்டுத் தலையணை உறையாக்கியிருந்தார். அடுத்து அவர் கண் அவளுடைய புடவைகளின் மேல் விழுவதற்குள் அனுப்பிவிடுவது நல்லது என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போங்க. ஆனா ஒண்ணு. உங்களால முடியுதா முடியலையான்னு நீங்க சொல்லக் கூடாது, உங்க வேலை சொல்லட்டும். அளவு சரியில்லைன்னு ஒரே ஒரு பேண்ட் திரும்பி வந்தாலும், அன்னைக்கே கடையைப் பூட்டிச் சாவியை என் கையில குடுத்துடணும். அப்புறம் பேச்சே இருக்கக் கூடாது."

"பன்னெண்டு வருஷமா ஒரு பேண்ட் திரும்பி வந்ததில்ல. தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் ஒண்ணுன்னு சொன்னேன். இல்லைன்னா நாலுன்னு சொல்லியிருப்பேன்."

மாஸ்டர் கம்பீரமாகச் சரி என்றார். ஆனால் அந்தக் கடை இல்லாவிட்டால் காலையில் எழுந்து எதற்காகச் சவரம் செய்துகொள்வது என்றுகூட அவருக்குத் தெரியாது.

கடை என்றால் ஒரு கட்டிங் மேஜை, இரண்டு தையல் மெஷின், சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. காஜா என்கிற பித்தான் துளையும் பித்தானும் போடுவதற்கு ஓர் அம்மாள். இருபது வருஷமாகக் காஜா போட்டுப் போட்டுக் காஜாக்கா என்பதே அவள் பெயராகிவிட்டது. இந்த ஆறு வாரமும் அவள்தான் கடையைத் திறந்து வைத்திருந்தாள்.

மாஸ்டருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பேண்ட்டின் மற்ற அளவெல்லாம் டேப்பில் எடுப்பார். கடைசியில் கால் உயரம் வெட்டும்போது மட்டும் டேப்பைத் தொடமாட்டார். வாடிக்கையாளர் எவ்வளவு உயரம் என்று கண்ணாலேயே கணித்து வைத்திருப்பார். முடிந்த பேண்ட்டின் இடுப்புப் பட்டியைத் தன்னுடைய இடுப்பு எலும்பு இரண்டிலும் பதிய வைத்து, அந்த ஆளின் உயரத்துக்குத் தக்கபடி ஏற்றியோ இறக்கியோ பிடித்து, கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். இரண்டு கால்களும் தொங்கும். தரைக்குச் சமமாகக் காஜாக்கா சாக்பீஸால் கோடு போடுவாள். அந்தக் கோட்டில் மாஸ்டர் வெட்டுவார். கோடு போடும்போது அவர் மூச்சுக்கூட விடமாட்டார்.

"டேப்பு நீளத்தைத்தான் சொல்லும். துணி எப்படித் தொங்கும்னு உடம்புதான் சொல்லும்" என்பார்.

வந்ததும் வராததுமாக, ஆபரேஷனுக்கு முன் தைத்து முடித்து யாரும் வாங்காமல் கிடந்த பேண்ட் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். இடது கால் அரை இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அரை இஞ்ச். மூன்றாவதிலும் அதே அரை இஞ்ச்.

"பாத்தியா காஜாக்கா? மூணும் என் கையால வெட்டினது. மூணும் எப்படித் தப்பாகும்? என் இடுப்புதான் தூக்கிக்கிட்டிருக்கு."

"ஐயோ, இப்ப என்ன பண்றது மாஸ்டர்?"

"இடுப்பைப் பிரிச்சுத் தைக்க முடியாது. இன்னொரு காலைத் தூக்கிட வேண்டியதுதான்."

காலருக்கு வைக்கும் கெட்டிக் கேன்வாஸை அரை இஞ்ச் கனம் வர நாலு தரம் மடித்து, பாதத்தின் வடிவத்தில் வெட்டி, ஓரம் முழுக்க மெஷினில் ஓட்டி, ஒரு மெத்தை தயாரித்தார். அதை வலது காலணிக்குள் போட்டுக்கொண்டு நின்றார். மறுபடி அந்த மூன்று பேண்ட்டையும் இடுப்பில் வைத்துப் பார்த்தார். மூன்றும் தரைக்குச் சமமாக, அழகாகத் தொங்கின. மாஸ்டர் முகத்தில் ஆறு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

"நாலு லட்சம் படிச்ச டாக்டருக்குத் தெரியாதது நாலு மடிப்புக் கேன்வாஸுக்குத் தெரியுது" என்றார். டாக்டர் லட்சக்கணக்கில் எதைப் படித்தார் என்று காஜாக்கா கேட்கவில்லை.

அன்றிலிருந்து மாஸ்டருக்குக் கடை சொர்க்கமாக இருந்தது, நடைதான் நரகமாயிற்று. கேன்வாஸ் மெத்தையோடு நடந்தால் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போனார். நாலு நாளில் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. முழங்காலைக் காப்பாற்றக் கைத்தடியை அந்தக் கைக்கு மாற்றினார். அதில் வலது தோள் பிடித்துக்கொண்டது. தோளுக்கு இதமாக இருக்கட்டும் என்று உயரமான முக்காலியில் உட்கார்ந்து வெட்டினார். உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் தூக்குவதுபோல் இருக்கவே முக்காலியின் ஒரு காலுக்கடியில் துணிச் சுருணையைச் செருகினார். அது தெரியாமல் அதில் உட்கார்ந்த காஜாக்கா, பித்தான் டப்பாவோடு தரைக்கு வந்தாள். முந்நூற்றுச் சொச்சம் பித்தானைப் பொறுக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. தொண்ணூறின் உத்தரவால் மாஸ்டர் குனிந்து உதவவும் முடியவில்லை. மேலே நின்று, "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் நடையைப் பார்த்து மனைவி திகைத்தாள். "போன வாரம் நல்லாத்தானே நடந்தீங்க? இப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி நடந்த மாதிரியே நடக்கிறீங்களே?"

"பழகிட்டு வருது."

"எது, நொண்டுறதா? நாளையிலேர்ந்து இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்."

தொண்ணூறும் தலையைச் சொறிந்தாள். ஆபரேஷன் ஆன காலில் பலம் நன்றாக ஏறியிருந்தது. பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும்போது அழகாக நடக்கிறார். தெருவில் மட்டும் ஏன் சாய்கிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் பத்தைக் கூட்டினாள்.

இப்படியிருக்கும்போது மேனேஜர் ஒரு பேண்ட்டுக்குத் துணி கொடுத்தனுப்பினார்.

மூன்று தெரு தள்ளி இருந்த ஓர் அலுவலகத்தின் மேனேஜர் அவர். பன்னிரண்டு வருஷமாக மாஸ்டரைத் தவிர வேறு யாரிடமும் பேண்ட் தைத்ததில்லை. மெல்லப் பேசுகிற, கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள மனிதர். அந்த வெள்ளிக்கிழமை அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மேடையில் ஏறி, மாலை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நின்று பேச வேண்டும். அதற்குத்தான் இந்தக் கறுப்புப் பேண்ட்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. பேண்ட் தயார். கால் உயரம் வெட்டுவது மட்டும்தான் பாக்கி. மாஸ்டர் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, வாசலில் குரல் கேட்டது.

"ஐயா, தொண்ணூறு வந்திருக்கேன்."

மாஸ்டர் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் கடைக்கு வந்ததே இல்லை.

"காலையில தெருவுல உங்க பின்னாடியே நடந்து பாத்தேன். வீட்டுல ஒரு நடை, வெளியில ஒரு நடை. காலணியைக் கழட்டுங்க."

"இப்ப வேலையா இருக்கேன் பாப்பா."

"கழட்டுங்கய்யா."

கழற்றினார். அவள் உள்ளே கையை விட்டு மெத்தையை வெளியே எடுத்தாள். ஓரத் தையலையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னய்யா இது?"

"அரை இஞ்ச்" என்றார் மாஸ்டர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"ரெண்டு வாரமா உங்களுக்கு ஏன் முழங்கால் வலின்னு நான் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டிருக்கேன். நீங்க இதை வெச்சுக்கிட்டு நடக்கிறீங்க. எவ்வளவு நேர்த்தியா வேற தெச்சிருக்கீங்க." சொல்லிக்கொண்டே மெத்தையைத் தன் பைக்குள் போட்டு மூடினாள். "இனிமே இது கிடையாது. நாளைக்கு வந்து நடையைப் பாப்பேன்."

அவள் போய்விட்டாள். ரோஷத்தில் மாஸ்டருக்குக் காது சிவந்திருந்தது. இந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றான். "மேனேஜர் பேண்ட் ரெடியா? பன்னெண்டு மணிக்கு ஃபங்ஷன்."

"இதோ" என்று, காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டு, அந்த ரோஷத்திலேயே மாஸ்டர் பேண்ட்டை இடுப்பில் வைத்தார். காஜாக்கா கோடு போட்டாள். கத்தரி ஓடியது. மடித்துத் தைத்து, அயர்ன் போட்டு, காகிதத்தில் சுற்றி அனுப்பியும் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் காஜாக்கா வாயைத் திறந்தாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். அந்த மெத்தை இல்லாம வெட்டினா பரவாயில்லையா?"

மாஸ்டர் தன் வலது காலணியைப் பார்த்தார்.

"அடிப்பாவி. இதை வெட்டறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"வெட்டும்போது பேசினா திட்டுவீங்களே மாஸ்டர்."

அதுவும் உண்மைதான். மாஸ்டர் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விழா நாளில் எவன் போனைக் கையில் வைத்திருப்பான்? மணி பதினொன்றே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் அந்த மனிதர் மேடையில் நிற்பார். ஒரு கால் தரையைத் துடைக்கும், ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஊரே பார்க்கும். நாளைக்குப் பேண்ட் திரும்பி வரும். சாவி மனைவியின் கைக்குப் போகும்.

சாக்பீஸ், ஊசி, கறுப்பு நூல்கண்டு, சின்னக் கத்தரி எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேனேஜரை ஓர் ஓரமாக அழைத்துப் போய், அஞ்சே நிமிஷத்தில் இடது காலைப் பிரித்து அரை இஞ்ச் ஏற்றித் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கடையைப் பாத்துக்கோ" என்றார். அடுத்த விநாடி ஆள் தெருவில் இருந்தார்.

அவர் போன இரண்டாவது நிமிஷம் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். காஜாக்கா பொய் சொல்லத் தெரியாதவள். எல்லாவற்றையும் சொன்னாள். மனைவி பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். மேஜையோரம் கைத்தடி சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. தடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முதல் தெருக்கோடியிலேயே அவர் முதுகு தெரிந்தது. "ஏங்க, நில்லுங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. கடைப் பலகைகளுக்கு நடுவே புகுந்து, எதிரே வந்த தள்ளுவண்டிக்கு ஒதுங்கி, நடைபாதை மேட்டில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார். அவள் எவ்வளவு எட்டி நடை போட்டும் அந்த இடைவெளி குறையவில்லை. இரண்டாவது தெருவின் பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. மனிதர் சாயவில்லை. நொண்டவில்லை. கல்யாணமான புதிதில் இவளைப் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று நடப்பாரே, அதே நடை. அப்போது அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது கண் கலங்கியது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். மாடிப்படிக்கென்று தொண்ணூறு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தாள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மாஸ்டர் இரண்டையும் மறந்து மாற்றி மாற்றி வைத்து ஏறிவிட்டார். மேலே போய் மூச்சு வாங்கி நின்றபோது, கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடையில் மேனேஜர் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தார். விழா சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். மேனேஜரின் கால்களைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மனைவி வந்து நின்றது வாசனையில் தெரிந்தது.

"அளவு தப்பாயிடுச்சு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "சாவி சட்டைப் பையில இருக்கு. எடுத்துக்கோ."

அவள் எடுக்கவில்லை. "முதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது" என்றாள்.

கைதட்டல் ஓய்ந்தது. மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு, வேறு யாரிடமும் நிற்காமல் நேராக இவர்களை நோக்கி வந்தார்.

"மாஸ்டர், உங்களைப் பாக்கத்தான் சாயங்காலம் கடைக்கு வரலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. ஒரு நிமிஷம் இப்படி வாங்க, தனியாப் பேசணும். அம்மா, நீங்களும் வாங்க."

பக்கத்தில் அவருடைய அறை. உள்ளே போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். மாஸ்டர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். பேண்ட்டைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா இங்கயே சரி பண்ணிடுறேன்."

"எதைச் சரி பண்றது? கழட்டவே போறதில்ல." மேனேஜர் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டினார். இரண்டு பக்கமும் காலணியின் மேல் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா? எவ்வளவு நேரா இருக்கு."

மாஸ்டர் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதீங்க மாஸ்டர். எனக்கு ஒரு கால் குட்டை. பன்னெண்டு வருஷமா. எந்தப் பேண்ட் போட்டாலும் வலது பக்கம் தரையைத் துடைக்கும், இடது பக்கம் மேல நிக்கும். பேண்ட்டுல தப்பு இருக்க முடியாது, உங்க அளவு என்னைக்குத் தப்பியிருக்கு? அப்ப தப்பு என் கால்லதானே. வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்டகூடச் சொன்னதில்ல. மேடையேறக் கூச்சமா இருக்கும்னு ரெண்டு தரம் பதவி உயர்வு விழாவுக்கே லீவு போட்டேன். இன்னைக்கு இதைப் போட்டுப் பாக்கிறேன், ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. நீங்களாவே என் குறையைக் கண்டுபிடிச்சு, ஒரு வார்த்தை கேக்காம, துணியிலயே சரிக்கட்டிக் குடுத்திருக்கீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

மாஸ்டருக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் பேண்ட் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சாவி அவர் பையிலேயே இருக்கட்டும் என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

"வாடிக்கையாளர் மனசு தெரியாம என்ன சார் தொழில்?" என்றார் மாஸ்டர், சாக்பீஸைப் பைக்குள் போட்டபடி. "உடம்பு சொல்லிடும்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டீத்தட்டோடு உள்ளே வந்த அலுவலக உதவியாளர், மேனேஜர் கடைசியாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்ட முகத்தோடு தட்டை மேஜையில் வைத்தார்.

"உங்களுக்குமா சார்? மாஸ்டர்கிட்ட பேண்ட் தைக்கிற நாங்க ஏழு பேரும், வலது கால் குட்டையாயிடுச்சுன்னு போன வருஷமே எலும்பு டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டோமே."